நீங்க எந்த வகையறா?

1977-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில், அலபாமா மாநிலத்தின் உட்பகுதியில் செல்மா நகரத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது மைல் தள்ளியிருந்த ஓர் ஆற்றங்கரைச் சிற்றூருக்கு நானும் என் கணவரும் வந்து சேர்ந்தோம். 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தால் நம் நாட்டு மருத்துவர்கள் பலர் அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களில் பலரும் உள்ளூர் மருத்துவர்கள் வர விரும்பாத இத்தகைய கிராமப்புறங்களில்தான் வேலைக்கு அமர்ந்தார்கள். எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்த வீடு, வெள்ளையர் வாழும் தெரு முடிந்து கறுப்பினத்தவர் வாழும் தெரு தொடங்கும் இடத்தில் சரியாக இரண்டுக்கும் நடுவே இருந்தது. அது தற்செயலாக அமைந்ததா, யாரோ யோசித்து ஒதுக்கியதா என்று நாங்கள் யாரிடமும் கேட்டதில்லை.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில், என் தாயின் வயதையொத்த ஒரு கறுப்பின அம்மாள், வதக்கிய வெண்டைக்காயை ஒரு பீங்கான் கிண்ணத்தில் வைத்து வெள்ளைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு வந்து, திண்ணை போலிருந்த முன்கூடத்தில் உட்கார்ந்தார். ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் வெண்டைக்காயைக் கண்ட திகைப்பில் நான் அவருக்கு நன்றி சொல்லக்கூட மறந்துபோனேன். அவர் என்னைத் தலை முதல் கால் வரை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "உங்க சனம் யாரு?" என்பது. எந்த நாடு என்றோ என்ன மதம் என்றோ அவர் கேட்கவில்லை. கோவில்பட்டிக்குக் கிழக்கே, எங்கள் ஊரில், பேருந்தை விட்டு இறங்கும் எந்த அந்நியரிடமும் "நீங்க எந்த வகையறா, யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்பார்களே, அதே கேள்வி. எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு அடியில் சாதி இருக்கும். இங்கே அதற்கு அடியில் நிறம் இருந்தது. ஆனால் அவர் கேட்டதில் அந்தக் கூர் இல்லை. நான் என் தாத்தா பெயரையும் ஊரையும் சொன்னதும் அவர் தலையாட்டிவிட்டு, தன் தந்தை, தந்தையின் தந்தை, அவர்கள் உழுத நிலம், அந்த நிலம் எந்த ஓடைக்கு அந்தப் பக்கம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், தாத்தாவின் தந்தையிடம் வந்ததும் நிறுத்திவிட்டார். "அதுக்கு மேல எங்களுக்குத் தெரியாது" என்றார்.

இவ்வூரில் வயதில் மூத்த பெண்களை 'மிஸ்' என்ற அடைமொழியோடு முதற்பெயர் சேர்த்துத்தான் அழைக்க வேண்டும். நானும் வாயால் அப்படியே அழைத்தேன். மனத்தில் அவரைப் பெரியம்மா என்றே வைத்துக்கொண்டேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

இந்த நிலப்பகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அலபாமாவின் நடுவே பிறைபோல வளைந்து மேற்கே மிசிசிப்பி மாநிலத்துக்குள் செல்லும் இந்தத் துண்டுக்குப் பிளாக் பெல்ட் என்று பெயர். ஏழெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறைக்குச் செல்மாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதன்மேல் உருவான கருநிறக் களிமண்ணால்தான் பகுதிக்கே அந்தப் பெயர் வந்தது என்றும், பிறகு கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டங்கள் என்ற பொருளும் அதனோடு சேர்ந்துகொண்டது என்றும் கறுப்பினக் கல்வியாளரான புக்கர் டி. வாஷிங்டன் எழுதியிருக்கிறார். உழுத வயல்களில் இன்றும் சிப்பி ஓடுகள் கிடைக்கின்றன. எனக்கு இதில் வியப்பு வேறொன்று. மழை பெய்தால் செருப்பைப் பிடித்து இழுக்கிற, கோடையில் கன்றுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கிற, வீட்டுச் சுவரைக்கூடப் பிளந்துவிடுகிற இந்த மண்ணை நான் பிறந்ததிலிருந்து அறிவேன். கரிசல். அதிலும் பருத்திதான் போட்டார்கள், இதிலும் பருத்திதான் போட்டார்கள்.

ஆனால் இங்கே பருத்தி வந்த வழி வேறு. 1814-ஆம் ஆண்டில் கிரீக் பழங்குடியினர் போரில் தோற்று, ஒரே உடன்படிக்கையில் இரண்டு கோடி ஏக்கருக்கு மேல் நிலத்தை இழந்தார்கள். ஐந்தாண்டுகளுக்குச் சற்றுப் பிறகு, 1819 டிசம்பரில், அலபாமா ஒரு மாநிலமாகிவிட்டது. வர்ஜீனியா, வட கரோலினா போன்ற பழைய மாநிலங்களில் புகையிலை போட்டு நிலம் ஓய்ந்துபோன குடும்பங்கள், தாங்கள் அடிமையாக வைத்திருந்தவர்களையும் நடத்திக்கொண்டு இங்கே குடிபெயர்ந்தன. மற்றவர்களை வியாபாரிகள் வாங்கிவந்து மாண்ட்கோமரி போன்ற சந்தைகளில் விற்றார்கள். கப்பலில் அடிமைகளைக் கொண்டுவருவது 1808-இலேயே தடைசெய்யப்பட்டுவிட்டாலும், நாட்டுக்குள்ளேயே வர்ஜீனியா போன்ற மேல் தெற்கிலிருந்து அலபாமா போன்ற கீழ்த் தெற்குக்கு இப்படிப் பெயர்க்கப்பட்டவர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். எங்கள் ஊருக்கு அருகிலேயே ஆற்றின் வளைவில் இருக்கும் கீஸ் பெண்ட் என்ற ஊரின் கதை இதற்குத் தெளிவான சான்று. 1845-இல் கடனுக்கு ஈடாக அங்கிருந்த பருத்திப் பண்ணை மார்க் பெட்வே என்பவரின் கைக்கு வந்தது. அவர் மறு ஆண்டு வட கரோலினாவிலிருந்து நூறு பேரை இங்கே கொண்டுவந்தார். சமையற்காரி ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் நடந்தே வந்தார்கள் என்று சொல்கிறார்கள். இன்றும் அவ்வூரில் பலருக்குப் பெட்வே என்பதே குடும்பப்பெயர். கல்யாணம் செய்துகொண்டாலும் பெயர் மாறாத பெண்கள் அங்கே பலர்.

இந்த வரலாற்றை நான் வந்த புதிதில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நகர நூலகத்தில் இருந்த உள்ளூர் வரலாற்று நூலில், ஆற்றில் பருத்திப் பொதிகளை மொபீல் துறைமுகத்துக்கு ஏற்றிச்சென்ற நீராவிப் படகுகளும், வெள்ளைத் தூண்கள் வைத்த மாளிகைகளும், அவற்றைக் கட்டிய குடும்பங்களின் கொடிவழிப் படங்களும் இருந்தன. அந்தப் படங்கள் இங்கிலாந்து வரை போயின. ஊரில் முக்கால்வாசிப்பேரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கே சில ஆண்டுகள் ஆயின. இல்லாத ஒன்றைக் கவனிப்பது அவ்வளவு எளிதன்று.

பெரியம்மா 1921-இல் பிறந்தவர். அவருடைய தந்தை வாரத்துக்கு உழுதவர். நிலம், வீடு, கோவேறு கழுதை, விதை எல்லாம் நிலக்காரருடையவை. விளைச்சலில் பாதி அவருக்கு. மீதிப் பாதியிலும், ஆண்டு முழுதும் பண்ணைக் கடையில் வாங்கித் தின்ற சோள மாவுக்கும் உப்புக்கண்டத்துக்கும் வட்டியோடு கழித்துக்கொண்டு, டிசம்பரில் கணக்குத் தீர்ப்பார்கள். நல்ல கைகாரர் ஒரு நாளில் இருநூறு பவுண்டு பருத்தி எடுப்பார்; விதையோடு ஆயிரத்து ஐந்நூறு பவுண்டு எடுத்தால் ஜின்னிங் ஆலையிலிருந்து ஐந்நூறு பவுண்டுப் பொதி ஒன்று வரும். எங்கள் ஊர்ப் பெண்கள் சேலையில் மடி கட்டிக்கொண்டு பருத்தி எடுப்பார்கள் என்று நான் சொன்னபோது, பெரியம்மா தோளில் மாட்டித் தரையில் இழுத்துச் செல்லும் ஒன்பது அடி நீளப் பையை எழுந்து நின்று நடித்துக் காட்டினார். ஐந்து வயதில் அந்தப் பையின் வால்மீது உட்கார்ந்து சவாரி செய்வாராம். ஏழு வயதில் அவருக்கே ஒரு பை கிடைத்துவிட்டது.

எழுதத் தெரியாத அவர் தந்தை, ஒவ்வொரு பொதிக்கும் சோளக் கொட்டகையின் உட்சுவரில் ஒரு கரிக்கோடு இழுத்துவைப்பார். டிசம்பரில் நிலக்காரரின் நோட்டில் எப்போதும் ஒரு கோடு குறைவாக இருக்கும். "சுவரைப் பெயர்த்துக்கொண்டு போய் அவரிடம் காட்ட முடியுமா?" என்று பெரியம்மா சிரிப்பார். மெக்சிகோவிலிருந்து டெக்சாஸ் வழியாக நகர்ந்து வந்து 1910-வாக்கில் அலபாமாவுக்குள் நுழைந்த பருத்திக் காய்க் கூன்வண்டு, பத்தாண்டுகளுக்குள் இந்தக் கணக்கையே குலைத்துவிட்டது. தென்கிழக்கே எண்டர்பிரைஸ் என்ற ஊரில், பருத்தியை விட்டு வேர்க்கடலைக்கு மாறிப் பிழைத்துக்கொண்ட நன்றிக்கு 1919-இல் அந்த வண்டுக்கே நினைவுச்சின்னம் வைத்தார்கள். கரிசலில் அப்படி மாறுவதற்கு வழியில்லை. களிமண்ணில் கடலை பிடுங்கிப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். விலையும் சரிந்த 1932-இல் கீஸ் பெண்டில் நடந்தது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கடன் கொடுத்துவந்த வணிகர் இறந்துபோக, அவர் குடும்பத்தார் ஆளனுப்பி, அறுபது குடும்பங்களின் கருவிகள், கால்நடைகள், கோழிகள், சேர்த்துவைத்திருந்த தானியம் அனைத்தையும் அள்ளிக்கொண்டு போனார்கள். செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய மாவில் அந்தக் குளிர்காலம் கழிந்தது. பெரியம்மாவின் சித்தி ஒருவர் அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தார். ஒரு பானையை மட்டும் கிணற்றுக்குள் இறக்கி ஒளித்துவைத்தார் என்பது குடும்பத்தில் வழங்கும் கதை. அந்தப் பானையை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் எந்தப் பானை உடைந்தாலும் யாராவது ஒருவர் "கிணற்றில் போட்டிருக்கலாம்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவர் படித்த பள்ளிக்கூடத்தைப் பார்த்திருக்கிறேன். சியர்ஸ் என்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜூலியஸ் ரோசன்வால்டும் புக்கர் டி. வாஷிங்டனும் சேர்ந்து தொடங்கிய திட்டத்தில், 1912-இல் அலபாமாவில் தொடங்கி 1932 வரை பதினைந்து மாநிலங்களில் எழுந்த 5,357 கட்டடங்களில் அதுவும் ஒன்று. அவர் பணம் முழுவதையும் கொடுத்துவிடவில்லை. ஊராரும் தங்கள் பங்கைத் திரட்ட வேண்டும் என்பது நிபந்தனை. இவ்வூரார் ஓர் ஏக்கர் பருத்தியைப் பள்ளிக்கென்று தனியாகப் போட்டு, கோழி விற்று, மரம் அறுத்துக் கொடுத்துத் தங்கள் பங்கைக் கட்டினார்களாம். மின்சாரம் இல்லாத காலத்தில் பகல் வெளிச்சம் முழுதும் உள்ளே வரும்படி, கிழக்கும் மேற்கும் பார்த்துக் கூரை வரை உயர்ந்த ஜன்னல்கள். நான் பார்த்தபோது அந்த ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. உள்ளே யாரோ வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். பெரியம்மா வாசலில் நின்று, அடுப்புக்கு விறகு கொண்டுவராத பிள்ளை அடுப்புக்குத் தொலைவில்தான் உட்கார வேண்டும் என்ற விதியை நினைவுகூர்ந்துவிட்டு, தான் உட்கார்ந்த இடத்தைக் காட்டினார். நல்ல தொலைவு.

பிறகு அவரோடு சேர்த்து உடன்பிறந்தார் நால்வரில் மூவர் டெட்ராய்டுக்கும் சிகாகோவுக்கும் ரயிலேறிவிட்டார்கள். 1910-க்கும் 1970-க்கும் இடையில் தெற்கை விட்டு வெளியேறிய அறுபது லட்சம் கறுப்பின மக்களில் அவர்களும் அடக்கம். பெரியம்மா மட்டும் தாயைப் பார்த்துக்கொள்ளத் தங்கிவிட்டார். 1965 மார்ச்சில் செல்மாவின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் சென்றவர்களைக் காவலர்கள் அடித்ததைப் பற்றி அவரிடம் கேட்டபோது, அவர் ஊர்வலத்தைப் பற்றிப் பேசவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தபின், நாற்பத்து நான்கு வயதில், நீதிமன்றக் கட்டடத்தின் படிகளில் வரிசையில் நின்றதைப் பற்றித்தான் பேசினார். வில்காக்ஸ், லவுண்டஸ் போன்ற பக்கத்து மாவட்டங்களில், மக்கள்தொகையில் முக்கால்வாசிக்கு மேல் கறுப்பினத்தவராக இருந்தும், அந்த ஆண்டுத் தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. லவுண்டஸில் பெயரைப் பதிந்த குற்றத்துக்காக நிலத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் நெடுஞ்சாலையோரம் கூடாரம் போட்டுத் தங்கின. வரிசையில் நின்ற அன்று என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். கால் வலித்தது என்றார். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போயிருந்தாராம்.

1994-இல் டெட்ராய்டில் அவருடைய அண்ணன் இறந்தார். இங்குள்ள கறுப்பினக் குடும்பங்களில் இறுதிச் சடங்கன்று, இறந்தவரின் வாழ்க்கையையும் சுற்றத்தையும் அச்சிட்டுச் சிறு ஏடாகக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வீடு அவை பைபிளுக்குள்ளும் தகரப் பெட்டிக்குள்ளும் பத்திரமாக இருக்கும். ஒரு வகையில் அவைதாம் இந்த ஊரின் நிஜமான வரலாற்று நூல்கள் என்பேன். அண்ணனுக்கு அச்சிட்ட ஏட்டில் தாத்தாவின் பெயர் தவறாக இருந்தது. பெரியம்மாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "நீங்கதான் புத்தகம் புத்தகமா படிக்கிறீங்களே, உங்ககிட்ட காரும் இருக்கு" என்று என்னிடம் வந்து நின்றார். என் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டிருந்தார்கள். எனக்கும் பொழுது இருந்தது.

மாண்ட்கோமரியில் இருக்கும் மாநில ஆவணக் காப்பகம் 1901-இல் தொடங்கியது. நாட்டிலேயே முதல் மாநிலக் காப்பகம் அதுதான். அங்கே நுண்படச் சுருள்களில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பக்கங்களைப் பார்க்கலாம். ஓர் ஆண்டின் கணக்கெடுப்பை எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் வெளியிடுவார்கள் என்பதால் அப்போது 1920 வரைதான் கிடைத்தது. 1890-இன் ஏடுகளில் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தில் நாசமாகிவிட்டது. நாங்கள் 1920, 1910, 1900, 1880 என்று பின்னோக்கிப் போய் 1870-ஐத் தொட்டோம். அதில் அவருடைய தாத்தா பதினைந்து வயதுப் பையனாக, நாற்பத்தைந்து வயதுத் தகப்பனாரின் பெயருக்குக் கீழே இருந்தார். தகப்பனார் பிறந்த மாநிலம் வர்ஜீனியா என்றிருந்தது. குடும்பப்பெயர் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு எழுத்துகளில் இருந்தது. கணக்கெடுக்க வந்தவர்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள், சொன்னவர்களுக்கோ அதைப் படித்துச் சரிபார்க்க வழியில்லை.

வம்சாவளி தேடும் கறுப்பினத்தவர் 1870-ஐச் சுவர் என்கிறார்கள். அடிமை விடுதலைக்குப் பிறகு எடுத்த முதல் கணக்கு அது; அவர்களில் பெரும்பாலோரின் பெயர் முதன்முறையாக எழுதப்பட்டது அதில்தான். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கெனத் தனி ஏடு உண்டு. அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் வரிசையாக இறங்கிவரும். தாத்தாவின் தகப்பனார் 1860-இல் முப்பத்தைந்து வயதினராக இருந்திருக்க வேண்டும். ஊரின் பெரிய நிலக்காரர் ஒருவரின் பெயருக்குக் கீழே "35, ஆண், கறுப்பு" என்று இரண்டு வரிகளும், "5, ஆண், கறுப்பு" என்று மூன்று வரிகளும் இருந்தன. பெரியம்மா திரையில் அந்த வரிகளை விரலால் தொட்டார். காப்பகத்தில் திரையைத் தொடக்கூடாது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வழியைக் காட்டியவர் ஓய்வுபெற்ற வெள்ளையின ஆசிரியை ஒருவர். நூலகத்தில் இருந்த அந்தக் கொடிவழிப் புத்தகத்துக்கு அவரும் கட்டுரை எழுதியவர் என்பதால் எனக்கு அவர்மேல் முதலில் நம்பிக்கை இல்லை. அது என் குறை. சொத்து வைத்துவிட்டு இறந்தவர்களின் உடைமைப் பட்டியலை அந்தக் காலத்தில் நீதிமன்றத்தில் பதிவார்கள், சொத்துக்கு விலை போட வேண்டுமென்பதால் அதில் அடிமைகளின் பெயர்களையும் எழுதுவார்கள் என்று அவர்தான் சொன்னார். அடுத்த செவ்வாய்க்கிழமை நாங்கள் மூவரும் நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குப் போனோம். தோலட்டை போட்ட ஏடுகள். ஒவ்வொன்றையும் இருவர் பிடித்துத்தான் மேசையில் வைக்க முடியும். பழைய மை பழுப்பேறி, எழுத்து மட்டும் நம் பத்திர எழுத்தரின் கையெழுத்தைப் போல அழகாகச் சாய்ந்திருந்தது. மூன்றாவது ஏட்டில், 1850-களின் நடுவே இறந்த அந்த நிலக்காரரின் தகப்பனாருடைய பட்டியல் கிடைத்தது. வார்ப்பிரும்பு அடுப்பு, சுவர்க் கடிகாரம், இறகு மெத்தைகள் நான்கு என்று வீட்டுக்குள்ளிருந்து தொடங்கி, களத்துக்கு இறங்கி, கோவேறு கழுதைகளைத் தாண்டி, ஆட்களுக்கு வந்தது. பதினேழாவது வரியில் தாத்தாவின் தகப்பனார் பெயர் இருந்தது. எதிரே 900 டாலர். அடுத்த வரியில் ஒரு பெண்ணும் "கைக்குழந்தை ஒன்றும்" சேர்த்து 1,000 டாலர்.

அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை அவர்கள் வீட்டுக்கு உரியவை. பெரியம்மா பெயரை மூன்று முறை வாய்விட்டுப் படித்தார். மூன்றாம் முறை, ஒருவரைக் கொல்லைப்புறத்திலிருந்து சாப்பிடக் கூப்பிடுவது போலக் குரல் கொடுத்தார். ஆசிரியை எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நகல் எடுக்கப் பக்கத்துக்கு 25 சென்ட். பெரியம்மா கைப்பையிலிருந்து இரண்டு நாணயங்களை எடுத்து, தனக்கொன்று, பைபிளுக்குள் வைக்க ஒன்று என இரண்டு நகல் கேட்டார். படியேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்க கேட்ட விலைக்கு எனக்கு மலிவாத்தான் கிடைச்சார்" என்றார். இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சிரித்தார்.

2002-இல் 1930-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வெளியானபோது அவருக்கு எண்பத்தொரு வயது. தன் பெயரைத் தானே பார்க்க வேண்டும் என்று மறுபடியும் காரில் ஏறினார். எட்டு வயது, பள்ளிக்குச் செல்கிறாள், ஆம். அவருடைய பாட்டிக்குப் படிக்கத் தெரியுமா, இல்லை. அந்த ஆண்டுதான் வீட்டில் வானொலி உண்டா என்றும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. "கம்பியே 1940-க்குப் பிறகுதான் வந்தது, ரேடியோவைக் கழுதையிலா மாட்டுவோம்?" என்று அந்த அமைதியான அறையில் உரக்கக் கேட்டார்.

ஆகஸ்ட் மாதத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் எல்லோரும் தேவாலயத்துக்குத் திரும்பும் ஹோம்கமிங் என்ற திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்வார்கள். அலங்காரப் புல்வெளி என்பதே அங்கே கிடையாது. புல்லைச் செதுக்கி, மண்ணை வெறுமையாக்கி, குச்சி விளக்குமாற்றால் கோடு கோடாகப் பெருக்கிவிடுவார்கள். பெரியம்மாவின் வீட்டு வாசலும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்ததாம். வாசலில் புல் முளைத்தால் அந்த வீட்டுப் பெண் சோம்பேறி என்று பொருள். நான் கோலத்தைப் பற்றிச் சொன்னபோது அவருக்கு அதில் வியப்பே இல்லை, பெருக்கிய தரையில் வேறென்ன செய்வது என்பது போலக் கேட்டுக்கொண்டார். பழைய கல்லறைகளில் பெயர் கிடையாது. தலைமாட்டில் ஒரு வயற்கல், ஒரு சிடார் மரம், தரையோடு படர்ந்த நீலப்பூக் கொடி. அந்தக் கொடி நம் நித்தியகல்யாணியின் குடும்பத்தைச் சேர்ந்தது. நித்தியகல்யாணியை எங்கள் ஊரில் சுடுகாட்டு மல்லி என்பார்கள் என்பதை அன்று அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. பிறகு சொன்னேன், அவர் மிகவும் மகிழ்ந்தார். காட்டுக்குள் நடக்கும்போது இந்தக் கொடி திடீரென்று ஓரிடத்தில் அடர்ந்திருந்தால், அங்கே யாரோ அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள் என்று பொருள். பருத்தி வயல்களெல்லாம் காகித ஆலைக்கான பைன் காடுகளாகிவிட்ட இன்றைக்கு, இந்த அடையாளத்தை அறிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள்.

சுத்தம் செய்து முடித்தபின் மரத்தடியில் நீள மேசை போட்டுச் சாப்பாடு. உப்புப் போட்டு அவித்த வேர்க்கடலையும் தட்டைப்பயறும் வெண்டைக்காயும் இருக்கும் வரை எனக்கு அங்கே அந்நியமாகத் தோன்றியதில்லை. கீஸ் பெண்டிலிருந்து வரும் உறவினர்கள் ஒட்டுத்துணிப் போர்வைகளைக் கொடியில் காயப்போடுவது போல் தொங்கவிடுவார்கள். 2002-இலிருந்து அருங்காட்சியகங்களில் மாட்டப்பட்டு, 2006-இல் அஞ்சல் தலைகளாகவும் வெளிவந்த அவ்வூர்ப் போர்வைகளின் புகழை எல்லோரும் அறிவார்கள். ஆனால் பெரியம்மாவின் வீட்டில் இருந்த ஒன்றுதான் எனக்கு நினைவில் நிற்கிறது. அவருடைய தந்தை இறந்தபின் அவர் உழவுக்குப் போட்ட கால்சட்டைகளை வெட்டி அவர் தாய் தைத்தது அது. முழங்கால் வந்த இடங்களில் மட்டும் துணி வெளுத்திருக்கும். பையைப் பிரித்தெடுத்த இடத்தில் வெயில் படாத அடர்நீலச் சதுரம் தெரியும். அதைப் போர்த்திக்கொண்டுதான் தாயின் கடைசிக் குளிர்காலம் கழிந்தது.

பெரியம்மா 2009-இல் தம் எண்பத்தெட்டாம் வயதில் காலமானார். அவருக்கு அச்சிட்ட ஏட்டை அவர் மகளும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தோம். வர்ஜீனியாவில் பிறந்தவரிலிருந்து தொடங்கினோம்.

என் கணவர் 2016-இல் இறந்தார். நம் வழக்கப்படி தகனம் செய்தோம். பிள்ளைகள் சாம்பலில் ஒரு பங்கை ராமேசுவரத்துக்குக் கொண்டுபோனார்கள், மறு பங்கை நான் அலபாமா ஆற்றில் விட்டேன். ஊராருக்கு அது பெரிய சங்கடமாகிவிட்டது. முப்பத்தொன்பது ஆண்டுகள் தங்கள் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் வந்து நின்ற மனிதருக்கு, சனிக்கிழமை போய்ப் பெருக்க ஓர் இடம் இல்லை என்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை. பெரியம்மாவின் மகள் இரண்டு முறை வந்து, கல்லாவது வைக்கலாமே என்று கேட்டுப்போனார். அந்த ஆகஸ்டில் ஹோம்கமிங் ஏட்டின் கடைசிப் பக்கத்தில், அவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்தோர் என்ற பட்டியலில், தேவாலய மூப்பர் ஒருவருக்கும் பெரியம்மாவின் தங்கைமுறைப் பெண் ஒருவருக்கும் நடுவில் என் கணவரின் பெயரையும் சேர்த்திருந்தார்கள். ஆறு அசை கொண்ட பெயரில் மூன்றை விட்டுவிட்டு, மீதியைத் தங்கள் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார்கள். அச்சடிப்பதற்கு முன் என்னிடம் கொடுத்து, எழுத்துச் சரியா என்று கேட்டார்கள். சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.